முப்பது நாள் நோட்டீஸ்

காப்பிக்குச் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர். எனக்கு இனிப்பு நீர்; டாக்டர் சொல்லை நான் மீறுவதில்லை. கிளார்க் ஸ்கந்தராஜா என்றால் ஈப்போவில் எங்கள் நில ஆபீஸில் யாரும் சொல்வார்கள்: முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கோப்பில்கூடத் தேதி தவறியதில்லை.

ஜெலாப்பாங்கைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த இடம், பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலம். ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது வேலை போன பதினோரு தமிழ்க் குடும்பங்கள், பூர்வகுடித் தலைவர் தலையசைத்ததை நம்பி, இருபது வருஷமாக அங்கே குடியிருந்தன. தலையசைப்பைக் கோப்பில் சேர்க்க முடியுமா? 1979இல் காலி செய்யும் உத்தரவு வந்தது. முப்பது நாள் நோட்டீஸ். அதற்குள் ஆட்சேபித்தால் விசாரணை உண்டு, மாற்று நிலமும் உண்டு. எவ்வளவு தாராளம் பாருங்கள்.

நோட்டீஸை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது மலாயில் இருந்தது; அந்த ஜனங்கள் மலாய் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது.

“சூராட்ல என்னாங்க எழுதியிருக்கு, கிராணியாரே?” என்று காகிதத்தைக் காட்டிக் கேட்டாள் பதினோராவது வீட்டு வீரம்மா.

“கவர்மெண்ட் உங்கட பேரை எழுதி முத்திரை குத்தியிருக்கு. பத்திரமா வையுங்கோ” என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? முழுக்க விளக்கியிருந்தால் பதினோரு ஆட்சேபனை, பதினோரு விசாரணை. கோப்பை மூடவே முடியாது. அவர்கள் அதை நிலப் பட்டா என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? வீரம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, குங்குமமும் வைத்தாள். முத்திரை மேலேயே வைத்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை எட்டு மணிக்கு வீடு இடிக்கும் டிராக்டரோடு போனோம். பத்து வீடுகள் அழுதுகொண்டே காலியாயின. வீரம்மா சந்தைக்குப் போயிருந்தாள். இடுப்புக்குக் கீழே விளங்காத அவள் புருஷன் அப்பாவு, பாயில் படுத்தபடியே கண்ணாடிச் சட்டத்தை என்னிடம் நீட்டிச் சிரித்தார்.

“நம்மளுக்குத்தான் சூராட் இருக்கேங்க. டிரைவர்ட்ட காட்டுங்க லா.”

வாங்கிப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: வீட்டில் ஆள் இருக்கிறதா? எட்டு மணிக்கு மேல் சட்டப்படி அங்கே யாரும் குடியில்லை. ‘காலி’ என்று எழுதிவிட்டு டிரைவருக்குக் கையைக் காட்டினேன். உள்ளே ஓர் அலறல் கேட்டது. ஆட்சேபிக்கும் காலம் முந்தின நாளே முடிந்திருந்தது.

ஆமாம், அவர் உள்ளே இருப்பது தெரிந்துதான் கையைக் காட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு வரி விடாமல் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் ஒரு மனிதனிடம் காகிதத்தை நீட்டுவது பெரிய அநியாயம், இன்ஸ்பெக்டர்.