டெர்ரிங்கா மண்டபத்தில் வாசித்த கடைசிக் கவிதை

மோசமான கவிதையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முகம் சுளிக்காமல் கேட்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பழகிய பழக்கம்.

அமைச்சர் லாயிட் ஹெனசிக்கு நான் பேச்சு எழுதுபவன். அணை திறந்தாலும் ஆட்டுச் சந்தை திறந்தாலும் அவர் வாயில் வருவது என் வாக்கியம். அறுபது வயதில், மற்றவர்களுக்கு மூட்டுவலி வருவதுபோல, அவருக்குக் கவிதை வந்தது. யூகலிப்டஸ் மரத்தைத் தாயே என்பார். அடுத்த வரியில் அதையே மனைவியாக்கிவிடுவார். தொகுப்புக்கு ‘செம்மண் என் சட்டை’ என்று பெயர் வைத்தார். திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

அதில் ஒரே ஒரு கவிதை தேறும். அது நான் எழுதியது. வறட்சியில் என் அப்பா ஆடுகளைச் சுட்டுக் குழியில் தள்ளிவிட்டு, கை கழுவாமல் வந்து தேநீர் குடித்ததைப் பற்றியது. பக்கம் குறைகிறதென்று பதிப்பகத்தார் சொன்னபோது கொடுத்தேன்.

“யோவ் நெவில், இதுல எதுகையே இல்லியே” என்றார் லாயிட். “சரி விடு, கடைசில சொருகிடலாம்.”

வெளியீட்டு விழா அவர் பிறந்த டெர்ரிங்காவில். பிப்ரவரி மாதம், எங்கள் நாட்டில் உச்சக் கோடை. வடக்குக் காற்று அனலாய் அடித்தது. அமைச்சர் எதை வாசித்தாலும் கைதட்டுகிற கூட்டம் மண்டபம் நிறைய இருந்தது. கவிதை நடுவே மணி அடிக்கக் கூடாதென்று கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிட்டேன். என்னுடையது மட்டும் என் பையில் இருந்தது.

அதில்தான் மெர்ல் அழைத்தாள். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவள்தான் தலைவி.

“நெவில், காட்டுத்தீ மேட்டைத் தாண்டிடுச்சு. மண்டபத்தைக் காலி பண்ணு, இப்பவே.”

“கிளம்பிட்டாங்க மெர்ல்.”

“நெசமாவா? அந்தக் கிழடுங்க டீயை முழுசாக் குடிக்காம எந்திரிக்காதுங்களே.”

“கடைசி காரும் போயிடுச்சு.”

“நல்லவேளை. அப்ப எங்க வண்டிய பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்புறேன்.”

பள்ளிக்கூடம் தப்பியது. அதை யாரும் என் கணக்கில் எழுதுவதில்லை.

லாயிட் அப்போது இன்னொரு மரத்தை மணந்துகொண்டிருந்தார். அடுத்தது என் கவிதை. நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் அர்த்தம் புரியாமல், பட்ஜெட் வாசிப்பதுபோலத்தான் வாசித்தார். இருந்தும் மண்டபம் அடங்கிப்போனது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டோரீன் கெண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பாவம் அந்த மனுசன்” என்றாள் என்னிடம். “கையைக்கூடக் கழுவலியே.”

இத்தனை வருடங்களில் என் எழுத்தை ஒருவர் சரியாகப் படித்தது அன்றுதான். பிறகு அவள் மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“லாயிட், அத இன்னொரு தடவ வாசிப்பா.”

அப்போது ஜன்னல்கள் செம்மஞ்சளாகிவிட்டிருந்தன. நான் சொல்லியிருக்கலாம். அவர் மறுபடி வாசித்தார். நான் கேட்டேன்.

அமைச்சரின் கார் பின்வழியாகத் தப்பியது. நானும் அதில்தான் இருந்தேன். ஓடைச் சாலையில் போனவர்களில் ஒன்பது பேர் தப்பவில்லை. டோரீன் அவர்களில் ஒருத்தி. மெர்ல் இன்றுவரை, கூட்டம் போய்விட்டதாக நான் தவறாக நினைத்துவிட்டேன் என்றே நம்புகிறாள். இல்லை. உள்ளே எல்லோரும் இருப்பது தெரிந்தேதான் அவளிடம் பொய் சொன்னேன்.

லாயிட்டுக்கு எதுவும் தெரியாது. தீ வரும்போது தன் கவிதையை வாசித்துக்கொண்டிருந்தவர் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன, பதவியும் போனது. அந்த அநியாயம் பொறுக்காமல்தான் நானாக இங்கே வந்தேன்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில் அந்தக் கவிதையை அவர் பெயரில் அச்சிட்டிருக்கிறீர்கள். முதலில் அதைத் திருத்துங்கள். மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளியும் விட்டுப்போயிருக்கிறது.