மூன்றாம் பெட்டியின் துடிப்பு

திரையில் காட்டினால் இந்தக் காலத்து ஆட்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள். மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறார்கள்.

ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக பாட்டில் கழுவி மாட்டுகிறேன். நோயாளியின் ரத்தத்திலிருந்து இதயச் செல்களை வளர்த்து, தீப்பெட்டி அளவுள்ள நான்கு கண்ணாடிப் பெட்டிகளில் விடுவார்கள். ஒவ்வொன்றிலும் நான் மாட்டும் பாட்டிலிலிருந்து ஒவ்வொரு மருந்து கலந்த நீர் ஓடும். மேலே கேமரா. எதில் செல்கள் ஒழுங்காகத் துடிக்கின்றனவோ, அந்த மருந்துதான் நோயாளிக்கு.

ஆய்வாளர் அம்மாவிடம் கேட்டேன், "இதெல்லாம் நெசந்தானாம்மா?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது தாத்தா. பாட்டிலை மட்டும் மாத்துங்க, போதும்."

மாற்றினேன். மருந்தைக் கொட்டிவிட்டு நான்கிலும் மருந்தில்லாத ஒரே நீரை ஊற்றினேன். மருந்துப் பெயர் போட்ட ஸ்டிக்கரில் குறை சொல்ல முடியாது, ஒழுங்காக ஒட்டினேன். அவ்வளவு படித்தவர்கள் கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்றுதான்.

கண்டுபிடித்தார்களே. மூன்றாம் பெட்டியில் துடிப்பு அருமையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கை வேறு தட்டினார்கள்.

புதன்கிழமை எங்கள் வேன் டிரைவர் வந்து என் கையைப் பிடித்தான். செல்கள் அவன் மகளுடையவை. பதினொரு வயது.

"மூணாவது மருந்துதானாம் பெரியவரே. வெள்ளிக்கிழமை ஏத்துறாங்க. நீங்களும் அந்த ரூம்லதானே இருந்தீங்க. நல்லாத் துடிச்சுதா?"

"துடிச்சுதுப்பா" என்றேன். துடிக்கத்தான் செய்தது.

இரண்டு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். சொல்லத்தான் போனேன். "அப்புறம் பேசலாம் தாத்தா" என்றார் அந்த அம்மா. சரி, அப்புறமே பேசலாம், மருந்து பலிக்காமல் அவர்கள் விழிக்கும்போது நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். மருந்து பலித்தது, வேறு மாதிரி. ஞாயிறு காலை பிள்ளையின் இதயம் நின்றது.

மதியமே அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

மருத்துவமனை வாசலில் டிரைவர் எழுந்து வந்தான். அதற்குள் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியவரே."

துடித்ததா என்று கேட்டான், துடித்தது என்றேன். எந்த நீரில் என்று அவன் கேட்கவேயில்லை. இப்போது குறை என் மேல். அவனை ஒதுக்கிவிட்டு நடந்தேன்.