சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது

படகுத்துறையில் என்னைப் ‘பம்பரம்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. துறைக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் மாடி வீட்டில் வசிக்கிறேன். தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகில் மெக்கானிக் வேலை. படகை ஓட்டுபவர் என் அக்காவின் கணவர். அக்கா அதே படகில் டீ விற்கிறாள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இந்த வாக்குமூலத்தைத் தரவில்லை.

படகின் அடித்தட்டில் ஜைரோஸ்கோப் என்னும் கனமான இரும்புச் சக்கரம் மூடிய உருண்டைக்குள் வேகமாகச் சுற்றுகிறது. படகு பக்கவாட்டில் சாயும்போது அந்த உருண்டை முன்னும் பின்னும் ஆடிப் படகை நிமிர்த்தும். அதை ஆடவிடாமல் கொக்கி போட்டுப் பூட்டினாலும் சக்கரம் சுற்றும், சத்தம் வரும், மேலே ஓட்டுபவர் முன்னால் பச்சை விளக்கும் எரியும். ஆனால் படகு நிமிராது. பழுது பார்க்கத்தான் அந்தக் கொக்கி. “விண்கலத்தையே இந்த மாதிரிச் சக்கரம்தான் திருப்பி நிறுத்துது, நம்ம படகு எம்மாத்திரம்!” என்று பயணிகளிடம் பீற்றிக்கொள்வது என் வழக்கம். அதைக் கேட்டுக் கேட்டே அக்கா கம்பியைப் பிடிக்காமல் டீ கேனோடு நடக்கப் பழகினாள்.

உருண்டை ஆடினால் அந்த அறையில் கால் நீட்ட இடம் இருக்காது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கொக்கியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் படுத்துவிடுவேன். சம்பவத்தன்று மதியமும் அப்படியே தூங்கினேன். அதன் பின்பு காற்று எழுந்தது எனக்குத் தெரியாது. சக்கரத்தை நம்பி அத்தான் படகை அலைக்குக் குறுக்கே திருப்பியிருக்கிறார். நான் உருண்டுபோய்ச் சுவரில் நெற்றி மோதியதும்தான் விழித்தேன். மேலே அக்கா அலறுவது கேட்டது. கேட்டும் நான் உடனே ஏறவில்லை. முதலில் கொக்கியைக் கழற்றினேன், அதன் பின்புதான் ஏறினேன்.

கேனிலிருந்த கொதிக்கும் டீ கொட்டி அக்காவுக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. அத்தான் என்னைப் பார்த்து, “மாப்ளே, சக்கரம் நின்னுபோச்சா?” என்று கேட்டார். “சுத்திக்கிட்டுத்தான் இருக்கு அத்தான்” என்றேன். அது பொய்யில்லை என்பதால்தான் என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன் பின்பு போலீசார் அத்தானை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். “சக்கரம் ஓடும்போதே சாஞ்சிருக்குன்னா நான்தான் தப்பாத் திருப்பியிருக்கேன்” என்று அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அறிந்தேன். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டுப் போடாத கையால் என் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “கீழே தனியா என்ன பாடுபட்டியோடா” என்றாள். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

அத்தான் மீது எந்தத் தவறும் இல்லை. அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது இதுவே. ‘ஓய்வெடுத்தேன்’ என்று அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘தூங்கினேன்’ என்று மாற்றச் சொன்னதும் நானே.

(கையொப்பம்)