நின்று ஓடிய வண்டியின் நஞ்சறிந்த எங்கள் தலைமைப் பரிசோதகருக்கு

வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுருகி வழங்கும் மடல்.

கரும்புகை நடுவே கண்ணியம் காத்தவரே, கடுஞ்சொல் இன்றியே கண்டிப்பு காட்டியவரே, வணக்கம்.

முகர்ந்தே பழுதைச் சொல்லிவிடும் தங்களுக்கு, முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘மூக்கக்கா’ என்று பெயர் வைத்திருந்ததும், தாங்கள் தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொண்டதும் இந்த அரங்கில் உடைபடட்டும். சிபாரிசோடு வந்தவரையும் வரிசையில் நிறுத்தியவர் தாங்கள். திட்டு வாங்கினாலும் தீர்ப்பைத் திருத்தாதவர் தாங்கள். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் தங்களை நினைத்தால் எங்கள் கண்முன் முதலில் வந்து நிற்பது ஒரு பழைய வெள்ளைக் கார்தான்.

அதை ஓட்டி வந்தவர் ஒரு தையற்காரர். பின் இருக்கையில் அவர் மனைவி கண்மூடிச் சாய்ந்திருந்தார். இதய நோயாளி, வாரந்தோறும் மருத்துவமனை. வேகம் ஏற்றினால் தேறிய அந்த வண்டி, நின்ற இடத்தில் நிதானமாக ஓடவிட்டால் மட்டும் தோற்றது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வரம்பைத் தாண்டி நின்றது.

“ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே எடுத்துடுங்கம்மா. சர்டிபிகேட் இல்லாம இவளை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?” என்று அவர் கெஞ்சினார்.

நாங்கள் இளகினோம். தாங்கள் பானட்டைத் திறந்தீர்கள். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பாகத்திலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி முகர்ந்தீர்கள். காற்று மட்டுமே இருக்கவேண்டிய குழாய் பெட்ரோலில் நனைந்திருந்தது. உள்ளிருந்த ரப்பர் சவ்வு கிழிந்திருக்க, இன்ஜின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் விசை கூடி, அந்தக் கிழிசல் வழியே பெட்ரோலை இழுத்துக் குடித்தது. குழாயை அடைத்ததும் அளவு இறங்கியது.

எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. தாங்களோ திரையை விட்டு நகரவில்லை. புகையில் ஆக்சிஜன் இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. புகைக்குழாயில் எங்கோ ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்தால்தான் அப்படிக் காட்டும். வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தீர்கள். பின் இருக்கைக்கு நேர் கீழே குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதற்கு மேலிருந்த தரைத்தகடும் அப்படியே.

எழுந்து வந்து அந்த அம்மாவிடம், “தலைவலி இருக்கா?” என்று கேட்டீர்கள்.

“வண்டியில ஏறினாலே வருது. வீட்ல இருந்தா பரவாயில்ல.”

“நிறுத்தி வச்சிருக்கும்போதும் இன்ஜின் ஓடுமா?” என்று கணவரிடம் திரும்பினீர்கள்.

“ஏசி வேணும்லம்மா. ஆஸ்பத்திரியில கூப்பிடற வரைக்கும் கார்லதான் படுக்க வைப்பேன். இவ வெயில் தாங்கமாட்டா.” பெருமையாகத்தான் சொன்னார்.

தாங்கள் கதவைத் திறந்து அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினீர்கள். தங்கள் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கண்டதை மருத்துவரிடம் சொன்னீர்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் அந்த நஞ்சு இருந்தது.

தலைவலி நின்றது. ஏற்கெனவே தளர்ந்திருந்த இதயம் மட்டும் மீளவில்லை. சில மாதங்களில் அவர் காலமானார்.

துக்கம் ஆறும் முன்பே தையற்காரர் நம் நிலையத்துக்கு வந்தார். “நான்தானேம்மா அவளுக்குப் புகையைக் குடுத்தேன்?” என்றார்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிடுங்களேன் என்று நாங்கள் உள்ளுக்குள் தவித்தோம். தாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“புகை உள்ளே வந்தது உண்மைதான் அண்ணே. அது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷம் அவங்கள அதுல உக்கார வச்சிருப்பீங்களா?”

அவர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, “அந்த வண்டிய இனி யாரும் ஓட்டக் கூடாதும்மா” என்றார். விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனீர்கள். வண்டி தகடாக நசுங்கும்வரை அவர் தோளருகே நின்றீர்கள்.

அக்கா, ஊர்ப் புகையையெல்லாம் அளந்த தங்கள் நுரையீரல் இன்று மாடிப்படி ஏறவும் திணறுகிறது. ஆகவே நீடு வாழ்க என்பதை ஒப்புக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மூச்சு முட்டாத உறக்கமும், இருமல் எழுப்பாத விடியலும் தங்களுக்கு இன்னும் பல்லாண்டு வாய்க்கட்டும்.

தங்களைப் பிரிய மனமின்றி,
பரிசோதனைக் கூடத்தார், அலுவலகத்தார், வாயிற்காவலர்