தலை மேலே வந்த பிறகும் பிடிக்க வேண்டிய கயிறு

அவைக்குத் தலைமை தாங்கும் பங்குச் சாமி அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, அலை கண்டு அஞ்சாத பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிய ஈரம் காயுமுன் ஓடிவந்த தாய்மார்களே, கடைசித் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் தம்பி கயித்தானே, அனைவருக்கும் கித்தேரியம்மாளின் வணக்கம்.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். படிப்பு குறைவு, மறதி அதைவிடக் குறைவு.

என் வீட்டுக்காரர் தொம்மை சங்கு குளித்த அழகை இந்தக் கரை மறக்குமா? கல்லில் கால் மாட்டி, கண் மூடி இறங்குவார். கை நிறையச் சங்கும் வாய் நிறையச் சிரிப்புமாய் ஏறுவார். மூச்சு முட்டினால் மேலே இழுக்கும் அவர் கயிறு யார் கையில்? மனைவியின் தம்பி கையில். அக்காள் தாலிக்குப் பயந்தவன் கயிற்றை விடமாட்டான் என்று முன்னோர் வைத்த முறை அது. அந்த நாள் திரும்பி வருமா, தாய்மார்களே?

முப்பது வயதில் அவருக்குக் குரல் கேட்கத் தொடங்கியது. கடலடியிலிருந்து யாரோ பெயர் சொல்லி அழைப்பதாகச் சொன்னார். ஊர் என்ன சொன்னது? காத்து கருப்பு என்றது. சொன்னவர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறீர்கள், குனிய வேண்டாம். வெளியூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வார்த்தை விளக்கினார்களா? இல்லை. இரண்டு மாதத்தில் குரல் நின்றது, சிரிப்பு திரும்பியது. அப்போது கயித்தான் சொன்னான்:

"மச்சான் தெளிஞ்சாச்சுல்லா, இன்னும் எதுக்குக்கா மாத்திர? தல தண்ணிக்கு மேல வந்துட்டா கயித்த விடத்தான செய்யுதோம்."

மிச்சத்தை அலையில் வீசினான். வீசிய மூன்றாம் மாதம், திரும்பி வந்த அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல, கல்லும் கயிறும் இல்லாமல் தோணியிலிருந்து குதித்தார் அவர். கயித்தானேதான் தூக்கினான். மாத்திரையை மறுபடி தொடங்கினோம். கடலில் மட்டும் அவர் பிறகு இறங்கவேயில்லை. நாற்பத்தொரு வருடமாகத் தம்பி வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

இப்போது செவ்வாய்தோறும் நர்ஸ் பெர்சி நம் பங்கு மன்றத்தில் இப்படி மனம் கலங்கியவர்களின் குடும்பங்களை உட்காரவைத்துப் பாடம் சொல்கிறாள். நாசரேத் ஊர்ப் பிள்ளை. தெளிந்து நிற்பது மாத்திரையால்தான், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றாள். எத்தனை சின்ன வார்த்தை! அன்று ஒருவர் சொல்லியிருந்தால் என் தம்பி வீசியிருப்பானா? பக்கத்தில் நின்ற நான்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேனா? அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதோ, முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கிறார் தொம்மை. எனக்கு வயது அறுபத்தெட்டு. எனக்குப் பின் அவர் கயிற்றைப் பிடிப்பது யார்?

"ஏலே கயித்தான், தூண விட்டு வெளிய வா. செவ்வாக்கெழம கிளாசுக்கு வந்து பெர்சி கேக்குறதுக்குப் பதில் சொல்லு. சொல்லிட்டா மாத்திரப் பெட்டி ஒன் கையில. ஒன் வீட்டுத் தண்ணிய அப்புறம் பாப்போம்."

கேட்ட செவிகளுக்கு நன்றி. கலைந்து போகுமுன் பெர்சியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.