அவள் இல்லாத குடும்பப் படங்கள்

ஒரு படத்திலிருந்து ஆளை எடுப்பது சுலபம். அவருக்குப் பின்னால் மறைந்திருந்த சோபாவைக் கொண்டுவருவதில்தான் முதுகு ஒடியும். ஒரு நாற்காலிக் காலைச் சரிசெய்ய அரை நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பொறுமை எனக்கு அம்மா வழியில் வந்தது.

என் தொழில் டிஜிட்டல் புகைப்படக் கலை. இந்தக் காலத்து மனிதர்கள் உள்ளுக்குள் உடைந்துபோவதைப் பற்றி ஒரு தொடர் செய்ய நினைத்தேன். இரண்டு நடிகைகளை வரவழைத்தேன். நன்றாகவே அழுதார்கள். எனக்கு வேண்டியது அழுகை இல்லை. தன்னையே நம்ப முடியாமல் போகும்போது ஒரு முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கணவனைப் பிரிந்து என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா, அப்பா இரண்டு பேரும் போய்விட்டார்கள். வீட்டுப் படங்களைச் சேர்த்து வைத்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பழைய படங்கள் என்னிடம் மட்டுமே இருந்தன. ஹாலில் இருந்த சின்னத் திரையில் அவை மாறி மாறி ஓடும். வாரத்துக்கு ஒரு படத்திலிருந்து அவளை எடுத்தேன். திரைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தினேன்.

"அண்ணா, சித்தப்பா கல்யாணத்துல நான் உன் பக்கத்துலதானே நின்னேன்?"

"நீ அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தியே, மறந்துட்டியா?"

"நல்ல ஆளு நான். என்னை நம்பிப் பிள்ளைங்களை வேற அனுப்புறாங்க" என்று சிரித்தாள்.

ஒருமுறை கோட்டை விட்டேன். கடற்கரைப் படத்திலிருந்து அவளை எடுத்தவன், மணலில் கிடந்த அவள் நிழலை எடுக்க மறந்துவிட்டேன். விரல் வைத்து எண்ணினாள். மூன்று பேர், நான்கு நிழல். "இது யாரோடது?" என்றாள். யாரோ வழிப்போக்கர் என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு என்னை நம்பினாள். நான் தேடிய முகம் அதுதான்.

அடுத்த மாதம் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டை. மருத்துவமனையில் சேர்த்தேன்.

"சின்ன வயசுப் படங்க இருந்தா கொண்டு வாங்க சார்" என்றார் டாக்டர். "அவங்களும் அந்த வீட்டுல இருந்தவங்கதான்னு கண்ணால பார்க்கட்டும். அதைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்துருவாங்க."

நான் கை வைக்காத மூலப் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. நான் திருத்தியவற்றை அச்செடுத்துப் போனேன். டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் மடியில் வைத்தேன். ஒன்றுவிடாமல் புரட்டினாள். பிறகு நிமிர்ந்து, மரியாதையாக, "இவங்கல்லாம் உங்க குடும்பமாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, அந்த முகத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சியில் அதன் முன்னால்தான் கூட்டம் நின்றது. அடியில் அவள் பெயரைப் போடச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். கூடப்பிறந்தவளை நாலு பேர் வேடிக்கை பார்க்க நிறுத்தும் ஆள் இல்லை நான்.