வெட்டிய ஆறு வினாடிகள்

பேய்ப் படத்தை மதியக் காட்சியில் பார்க்கக் கூடாது, சார். வெளியே வந்து முகத்தில் வெயில் அடித்ததும் பயமெல்லாம் போய்விடும். இதை எங்கள் யூடியூப் சேனலில் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்மதி, "பேயவிட, அந்த வீட்டுக்காரம்மா கதவத் தட்டுனப்பத்தேன் எனக்குத் திக்குனு இருந்துச்சு. நாங்களும் வாடகை வீட்ல இருந்தவங்கதேன்" என்றாள். அந்தத் துண்டு மட்டும் ஊரெல்லாம் ஓடியது.

திண்டுக்கல்லில் நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பெயர் ஆனந்த்ராஜ். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம். எடிட்டிங் என் பொறுப்பு. நான் திரைக்கதை, ஒளிப்பதிவு என்று முறையாகப் பேசுவேன். அவள் மனதில் பட்டதைச் சொல்வாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த ஒரு நகைச்சுவைப் படத்தைப் பற்றி, "ஒரு பிள்ளையக் குண்டு குண்டுன்னே ரெண்டரை மணி நேரம் ஓட்டிட்டாக. அவ அம்மா பாத்தா என்னண்ணே நெனைக்கும்?" என்றாள். 'அக்கா மட்டும் பேசட்டும், அண்ணன் வேண்டாம்' என்று பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். எனக்கு வருத்தமில்லை. அவளைப் பேச வைத்ததே நான்தான்.

ஒரு நாள், "அண்ணே, மெட்ராஸ்ல ஒரு சேனல்ல கூப்புடுறாக. அடுத்த மாசம் போறேன்" என்றாள். நல்லது என்றேன். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. கஷ்டப்படுவாள். யாராவது தடுக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் பெரிய நடிகர் ஒருவரின் சண்டைப் படம். அவள் பேசியது இது: "இந்தாளு நடிக்கிறத நிறுத்திட்டாலே நல்லது... அப்படின்னு ஆளாளுக்குச் சொல்றாக. நான் ஒத்துக்க மாட்டேன். அம்மா சாகுற எடத்துல அழுதுட்டேன்." 'நல்லது' என்ற சொல்லோடு நிறுத்தி, மீதி ஆறு வினாடியை வெட்டிவிட்டுப் பதிவேற்றினேன்.

மறுநாள் அழுதுகொண்டே வந்தாள். "முழுசாப் போட்டுவிடுங்கண்ணே. வாய்க்கு வந்தபடி ஏசுறாய்ங்க." கம்ப்யூட்டர் பழுதாகி அழிந்துவிட்டது என்றேன். "அப்ப இதையாச்சும் எடுத்துருங்க." எடுத்தால் பயந்துவிட்டோம் என்று நினைப்பார்கள் என்றேன். நம்பினாள்.

சென்னைக்காரர்கள், சத்தம் அடங்கட்டும், பிறகு வா என்றார்களாம். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அவள் போன் நம்பரையும் சாணார்பட்டியில் அவள் வீட்டுக்குப் போகும் வழியையும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வருகிறோம் என்று அந்த நடிகரின் ரசிகர்கள் அதன் கீழேயே எழுதியிருந்தார்கள்.

நடுவில் நான் போய்ப் பேசி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அப்போதுதான் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் என் அருமை தெரியவரும். சாணார்பட்டி கடைவீதியில் காத்திருந்தேன். ஏழு பைக்குகள் என்னைத் தாண்டிப் போயின. டீ சூடாக இருந்தது. ஆறும்வரை இருந்து குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவள் அப்பா முத்துச்சாமி, மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த விவசாயி, வாசலை மறித்து நின்றிருக்கிறார். "ஏப்பா, ஒரு படத்துக்காகவா இம்புட்டு தூரம் வந்தீக? உள்ள பொம்பளப் பிள்ள இருக்குப்பா" என்று கும்பிட்டாராம். யாரோ தள்ளியதில், துவைக்கிற கல்லில் தலை மோதியது. நான் போனபோது பைக்குகள் இல்லை. அவரைத் தூக்கிக் காரில் ஏற்றியது நான்தான். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். தமிழ்மதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆகியிருப்போம்ணே" என்றாள். அவர் இறந்த பிறகும் மூன்று வாரம் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். போனையும் அணைத்து வைத்துவிட்டாள். நான் போனால்தான் இரண்டு வாய் சாப்பிடுவாள். அந்த மூன்று வாரமும் அவள் வேறு யாரிடமும் பேசவில்லை.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பையன்கள் தள்ளினார்கள், அவ்வளவுதான். அவர்களை வரவழைத்தவன் நான். என் ஸ்டூடியோவில் நீங்கள் எடுத்த பென்டிரைவில் அவள் பேசியது முழுதாக இருக்கிறது. ஒரு சொல்லையும் நான் அழிக்கவில்லை. அவள் கருத்துகள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை, சார்.